வெயில் காயும் தவளையும் மூடி தட்டும் சத்தமும்

ஈரப்பாறை ஓடையில் வெயில் காய்கிற தவளை ஒன்று இருந்தது. அதன் பெயர் குமிழி.

தவளை என்றால் நிழலில் இருக்கும், ஈரத்தில் இருக்கும். குமிழியோ உச்சி வெயிலில் பாறைமேல் ஏறி, முதுகு சுடச்சுட உட்கார்ந்திருக்கும். மற்ற தவளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும்.

"ஏ குமிழி! என்ன, வத்தல் போடுறியா? காஞ்சதும் எடுத்து வை, மழைக்காலத்துக்கு ஆகும்!"

"சிரிங்க, சிரிங்க. எனக்கு இது சுகமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அது கண்ணை மூடிக்கொள்ளும்.

அந்தத் தவளைகளுக்குக் கண்ணின் பின்னால் ஒரு மஞ்சள் கீற்று இருக்கும். விபூதிப் பட்டை மாதிரி, ஆனால் மஞ்சளாக. அந்த இனம் இந்த மலையில், இந்த ஓடையில் மட்டும்தான் இருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அது தவளைகளுக்குத் தெரியாது. எல்லா ஓடையிலும் நம்மைப் போல ஆட்கள் இருப்பார்கள் என்றுதான் அவை நினைத்திருந்தன.

ஒருநாள் சுற்றிப் பார்க்க வந்த யாரோ, வீட்டில் அலங்கார மீன் வளர்த்த தொட்டித் தண்ணீரை ஓடையில் கொட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் தண்ணீரோடு போகட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருந்தது. அது தவளைகளின் தோலில் ஒட்டிக்கொண்டது. முதலில் அரிப்பு. அப்புறம் தோல் உரிந்தது. அப்புறம் கத்த ஆள் இல்லை.

மழை பெய்தால் காது அடைத்துப்போகும் அளவுக்குச் சத்தம் கேட்ட ஓடையில், மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

குமிழிக்கும் அரித்தது. ஆனால் வெயிலில் காயும்போதெல்லாம் அரிப்பு அடங்கியது. பாறைச் சூட்டில் பூஞ்சை வாடிப்போனது. அப்படித்தான் அது பிழைத்தது. கேலி செய்தவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லாத ஓடையில் தனியாகப் பிழைத்திருப்பது என்ன பிழைப்பு? குமிழிக்கு வெயிலும் கசந்தது.

அதற்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நீர் சொட்டும் பாறை இடுக்கில் அது இட்டிருந்த முட்டைகள். கண்ணாடிமணி போல ஒட்டிக்கொண்டிருந்த அந்த முட்டைக் குலைக்குக் குமிழி காவல் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மனிதர்கள் வந்தார்கள். தவளைகளை ஆராய்கிற ஓர் அம்மாள். கூட வழிகாட்டியாக, காட்டைக் காவல் காக்கும் மாதன்.

தண்ணீர்ப் பாம்பு நெளியன் மரக்கிளையிலிருந்து தலையை நீட்டியது. "குமிழி, ஓடு! இவங்க தவளையைப் பிடிச்சு சீசாவிலே மருந்துத் தண்ணியிலே ஊறப் போடுவாங்க! என்னை மாதிரி மரியாதையா ஒரே வாயிலே முழுங்க மாட்டாங்க!"

குமிழி முட்டைக் குலையோடு ஒட்டிக்கொண்டது. முட்டையை விட்டு எங்கே ஓடுவது?

அப்போது கரையில் இருந்த கிழட்டு நண்டு கொடுக்கன் ஒன்றைக் கவனித்தது. "ஏய், அங்கே பார். தண்ணிக்குள்ளே இறங்கறதுக்கு முன்னாடி அந்தம்மா என்ன செய்யுது?"

அந்த அம்மாள் கரையில் நின்று தன் ரப்பர் பூட்ஸைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அடிப்பாகம், விளிம்பு, இடுக்கு எல்லாம். மாதனையும் விடவில்லை. "மாதன், இன்னொரு தடவை கழுவுங்க. வேற ஓடைச் சேறு ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது" என்றார்.

"கோயிலுக்குள்ளே போற மாதிரி காலைக் கழுவுறீங்கம்மா" என்று மாதன் சிரித்தார்.

"கோயில்தானே மாதன்" என்றார் அந்த அம்மாள்.

அதைக் கேட்டதும் குமிழி முட்டைக் குலையைவிட்டு ஓர் அடி விலகி உட்கார்ந்தது. காலைக் கழுவிக்கொண்டு வருகிறவள் கெடுக்க வரமாட்டாள் என்று அதன் மனசு சொன்னது.

அந்த அம்மாள் பாறை இடுக்கைப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு முட்டைகளை எடுத்தார். ஆனால் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. பாதியை எடுத்து ஈரப் பெட்டியில் வைத்தார். பாதியை அப்படியே விட்டுவிட்டார்.

"எல்லாத்தையும் கொண்டுபோயிடலாமேம்மா? இங்கே நோய்தானே இருக்கு?" என்று கேட்டார் மாதன்.

"ஆய்வுக்கூடத்திலே கரண்ட் போனா? நான் ஏதாவது தப்புப் பண்ணினா? ஒரே கூடையிலே எல்லாத்தையும் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. பாதி என்கிட்டே இருக்கட்டும். பாதி தாய்கிட்டே இருக்கட்டும்."

பெட்டி மேட்டில் ஏறி மறைகிற வரைக்கும் குமிழி பார்த்துக்கொண்டே இருந்தது. "கடவுளே, அந்தக் கையிலே நீ இரு. இந்தப் பாறையிலேயும் நீ இரு. ரெண்டு இடத்துலேயும் நீ இருந்தாத்தான் என்னாலே தூங்க முடியும்" என்று வேண்டிக்கொண்டது.

*

பாறையில் விட்ட பாதியில் முக்கால்வாசி நோயில் போயின. தலைப்பிரட்டைக் குஞ்சுகள் வால் மறைந்து கரையேறிய அன்றே அவற்றை வெயில் பாறைக்கு விரட்டியது குமிழி. அப்படியும் மிஞ்சியது ஒன்றுதான். சருகுக்குள் பதுங்கினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாத அந்தப் பெண்ணுக்குச் சருகி என்று பெயர்.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒரு காலை, அந்த அம்மாளும் மாதனும் மறுபடி வந்தார்கள். கரையில் நின்று காலைக் கழுவினார்கள். பெட்டிகளைத் திறந்தார்கள். உள்ளே பாசிப் படுக்கையில் தவளைகள்! கொழுகொழுவென்று, மினுமினுவென்று, எல்லாவற்றுக்கும் கண்ணின் பின்னால் மஞ்சள் கீற்று!

"போங்க கண்ணுங்களா, உங்க வீடு. நோயும் தணிஞ்சிருக்கு" என்று சொல்லி அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கரையில் விட்டார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

குமிழி பாறையிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தது. "என் பிள்ளைகளா! வந்துட்டீங்களா! நான்தான் உங்க அம்மா!"

அவற்றில் பெரிய தவளை அதை ஏற இறங்கப் பார்த்தது. கண்ணாடித் தொட்டியில் முதலில் பிறந்ததால் அதற்குப் பளிங்கன் என்று பெயர். "நீங்களா? எங்க அம்மா வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பாங்க. இப்பத்தான் போனாங்க."

"இதென்ன இடம்? தரையெல்லாம் சேறா இருக்கு!" என்றது இன்னொன்று.

"மழை எந்தக் குழாயிலே வரும்?" என்றது உருண்டை என்கிற குண்டுத் தவளை. "எனக்குப் பசிக்குது. மூடியை எப்போ தட்டுவாங்க?"

"மூடியா?" என்று கேட்டது சருகி.

"பாவம், இதுக்கு ஒண்ணுமே தெரியலை!" என்று பளிங்கன் சிரித்தது. "மேலே மூடி இருக்கும். டக் டக்னு தட்டுவாங்க. தட்டினதும் நாங்க எல்லாரும் மேலே தாவுவோம். வானத்திலேருந்து வெட்டுக்கிளி விழும்!"

"வெட்டுக்கிளி வானத்திலேருந்து விழுமா? இங்கே நாமதான் பிடிக்கணும்" என்றது சருகி.

"பிடிக்கிறதா? சீச்சீ, காட்டான் பழக்கம்!"

கிளைமேல் சுருண்டிருந்த நெளியன் இதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மழைக்காலமாகத் தவளை ருசி மறந்த வாய் அது. மெல்ல இறங்கி வந்தது.

"வாங்க வாங்க, பட்டணத்துப் பிள்ளைகளா! நான் உங்க மாமா. அந்த மூடி எப்படித் தட்டுவாங்க? ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

"ரெண்டு தடவை மாமா! டக் டக்!" என்று எல்லாம் சேர்ந்து கத்தின.

"சொல்லாதீங்க! அது பாம்பு! ஓடுங்க!" என்று குமிழி அலறியது.

"நீளமா இருந்தா கெட்டவங்களா? எங்க தொட்டியிலே தண்ணிக் குழாய்கூட நீளமாத்தான் இருக்கும்" என்றது பளிங்கன்.

அன்று மத்தியானமே, பட்டுப்போன ஒரு மரத்தடியில் சத்தம் கேட்டது. டக் டக்! நெளியன் உளுத்த கட்டையில் வாலால் தட்டிக்கொண்டிருந்தது. குட்டிகள் எல்லாம் "சாப்பாடு! சாப்பாடு!" என்று தாவின. உருண்டைதான் முதலில் போனது.

திரும்பி வரும்போது உருண்டை இல்லை.

குமிழி நெஞ்சு வெடிக்க அழுதது. "பார்த்தீங்களா? உங்க கூடப்பிறந்தவனை அது முழுங்கிடுச்சு!"

பளிங்கன் கொஞ்சம் யோசித்தது. பிறகு தேறிக்கொண்டது. "அழாதீங்க. எங்க ஊரிலே யாராவது காணாமப் போனா, வேற தொட்டிக்கு மாத்திருப்பாங்க. உருண்டையும் வேற தொட்டிக்குப் போயிருப்பான்."

"ஆமாம் தம்பி" என்றது நெளியன், வயிற்றை வாலால் தடவிக்கொண்டே. "ரொம்பச் சௌகரியமான தொட்டி. கதகதப்பா இருக்கும். நாளைக்கு இன்னொருத்தருக்கு இடம் இருக்கு."

குமிழி நினைத்துப் பார்த்தது. இந்தப் பிள்ளைகளை இந்தப் பாம்பு ஒவ்வொன்றாக அழைத்துச் சாப்பிடும். அவை சிரித்துக்கொண்டே போகும். இந்தக் கூட்டமும் போனால் மஞ்சள் கீற்று உலகத்தில் இராது. வாயால் சொன்னால் கேட்கவில்லை. அழுதாலும் கேட்கவில்லை.

அது பாறைமேல் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடியது. "கடவுளே, எனக்கு ஒரு வழி காட்டு" என்றது. கண்ணைத் திறந்தபோது எதிரே கொடுக்கன் நண்டு, பாறையில் ஏற முயன்று வழுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"சனியன் பிடிச்ச வழுக்கல்!" என்று நண்டு முணுமுணுத்தது. "உன் குஞ்சுங்க இருந்த காலத்திலே பாறையை நக்கி நக்கி பளிச்சுனு வச்சிருந்துச்சுங்க. இப்ப எங்கே பார்த்தாலும் பாசி. எனக்கு இடுப்பே போச்சு."

குமிழி எழுந்து உட்கார்ந்தது. "கொடுக்கண்ணே! எனக்கு ஓர் உதவி பண்ணுங்க. என் பிள்ளைங்க பிழைச்சா குஞ்சு பொரிப்பாங்க. குஞ்சுங்க பாறையைச் சுத்தம் பண்ணும். உங்க இடுப்பு பிழைக்கும்."

"என்ன பண்ணணும்?"

குமிழி ஒரு நிமிஷம் தயங்கியது. பெற்ற வாயால் சொல்ல வரவில்லை. அப்புறம் சொன்னது: "பாறையிலே டக் டக்னு தட்டுங்க. ஓடி வருவாங்க. வந்தவங்களை... கிள்ளுங்க."

"உன் பிள்ளைங்களையா?"

"என் பிள்ளைங்களைத்தான். ஆனா மெதுவா, அண்ணே."

"மெதுவாக் கிள்ளினா மறந்துடும்மா" என்றது நண்டு.

குமிழி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. "அப்போ மறக்காத மாதிரி கிள்ளுங்க."

*

டக் டக்! கொடுக்கன் கற்பாறையில் தட்டியது. "சாப்பாடு!" என்று தாவி வந்தது பளிங்கன். "வீல்!" என்று கத்திக்கொண்டு திரும்பி ஓடியது. பின்னங்காலில் நண்டுக் கொடுக்கின் அடையாளம்.

மறுநாளும் டக் டக். இன்னும் நாலைந்து வீல். சாப்பாட்டு ஆசை லேசில் விடுமா? கிள்ளு வாங்கியது திரும்பவும் வந்து கிள்ளு வாங்கியது. சருகி மட்டும் இலைக்கடியில் படுத்துக்கொண்டு சிரித்தது.

நெளியன் பக்கத்து மரத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது, இறங்கவே இல்லை. உருண்டை பெரிய உருண்டை. அது செரிக்கிற வரைக்கும் பாம்புக்குப் பசி இல்லை. அந்த இடைவெளியைக் கடவுள் கொடுத்த அவகாசம் என்றுதான் குமிழி எடுத்துக்கொண்டது.

கடைசியில் பளிங்கன் கண்டுபிடித்துவிட்டது. நொண்டிக்கொண்டே குமிழியிடம் வந்தது. "நீங்கதானே அந்த நண்டை ஏவி விட்டீங்க?"

"ஆமாம்."

"வெள்ளைக்கோட்டு அம்மா எங்களை ஒருநாளும் கிள்ளினதில்லை! அவங்க எங்களை மருந்துத் தண்ணியிலே குளிப்பாட்டி, சோறு போட்டு வளர்த்தாங்க! நீங்க எங்களுக்கு என்ன பண்ணினீங்க?"

குமிழிக்கு அந்த வார்த்தை கொடுக்கைவிட ஆழமாக இறங்கியது. ஆனாலும் அது தன் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டது: 'என்னை வெறுக்கட்டும். உயிரோட இருந்து வெறுக்கட்டும்.'

பிறகு நண்டைப் பார்த்து, "நாளைக்கும் தட்டுங்கண்ணே" என்றது.

ஒரு மத்தியானம், வெயில் சுள்ளென்று அடித்தது. நெளியனுக்குப் பசி வந்துவிட்டது. உளுத்த கட்டைமேல் வசதியாகச் சுருண்டுகொண்டு, வாலைத் தூக்கித் தட்டியது.

டக் டக்!

ஓடைக்கரையில் இருந்த தவளைகள் எல்லாம் ஒரே நொடியில் துள்ளின. மேலே அல்ல. தண்ணீருக்குள், கல்லிடுக்குக்குள், சருகுக்கடியில்! "டக் டக் வந்துடுச்சு, ஓடு!" என்று பளிங்கன் கத்தியது. கரை காலியாகிவிட்டது.

நெளியனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடி தட்டியது. இன்னும் பலமாகத் தட்டியது. கோபம் வந்து, வெட்டவெளிப் பாறைக்கே வந்து, வாலால் படபடவென்று அடித்தது. "டேய் பிள்ளைகளா! மாமா கூப்பிடறேன்! சாப்பாடு வேண்டாமா? வந்து தொலைங்க!"

மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த பாம்புக் கழுகு கீழே பார்த்தது. சர்ரென்று இறங்கியது.

"என்னையா கூப்பிட்டே?" என்று கேட்டது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது.

ஓடை அமைதியாக இருந்தது. சருகு அசைந்தது. சருகி தலையை நீட்டி வானத்தைப் பார்த்தது.

"மாமா வேற தொட்டிக்குப் போயிட்டார் போல!"

பளிங்கன் அந்த உளுத்த கட்டையை வெகுநேரம் பார்த்தது. உருண்டை எங்கே போயிருக்கும் என்று அதற்கு இப்போதுதான் புரிந்தது. மெல்ல, நொண்டாமல், பாறைக்கு ஏறி வந்தது. வெயிலில் உட்கார்ந்திருந்த குமிழியின் பக்கத்தில் நின்றது.

"முதுகு அரிக்குது" என்றது.

"வெயில்லே காஞ்சா அடங்கும்" என்றது குமிழி.

"அப்போ கொஞ்சம் நகரும்மா" என்றது பளிங்கன்.

குமிழி நகர்ந்து இடம் கொடுத்தது. அதன் பின்னாலேயே ஒவ்வொன்றாக எல்லாம் ஏறி வந்தன. கரையிலிருந்து பார்த்த கொடுக்கன் சொன்னது: "அடேங்கப்பா! ஒரு வத்தலுக்குப் பதிலா ஒரு பாய் நிறைய வத்தல்!"

*

மழை தொடங்குகிற நாளில் அந்த அம்மாள் மறுபடி வந்தார். மாதனும் வந்தார். காலைக் கழுவிக்கொண்டு இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் பழைய தொட்டி மூடி ஒன்று இருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்கிற ஆசை. விரலால் தட்டினார்.

டக் டக்!

கரையில் ஏதோ நாலைந்து இடத்தில் தண்ணீர் தெறித்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு தவளைகூட வரவில்லை.

"ஒண்ணுகூட வரலையேம்மா" என்றார் மாதன். "எல்லாம் போயிடுச்சோ?"

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. அப்போது அவர் எதிரே, பாறைமேல், ஒரு தவளை மெல்ல ஏறி உட்கார்ந்தது. குமிழிதான். அதற்கு அந்தச் சத்தத்தில் பயமும் இல்லை, பசியும் இல்லை. அந்தக் கையைப் பார்க்கத்தான் வந்தது. அந்தக் கைதானே பாதியைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்தது!

இரண்டு அம்மாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மழை வலுத்தது. ஓடையின் மேல்கரையில் ஒரு குரல் கத்தியது. கீழ்க்கரையில் ஒன்று பதில் சொன்னது. கல்லிடுக்கில் ஒன்று, சருகுக்கடியில் ஒன்று, அருவி விழும் இடத்தில் ஒன்று. கொஞ்ச நேரத்தில் மாதன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இருக்குதும்மா! எல்லாம் இருக்குது! ஆனா உங்களைக் கண்டு ஒளியுதுங்க!"

"ஒளியட்டும் மாதன்" என்றார் அந்த அம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூடியைப் பைக்குள் போட்டார். "நான் கூப்பிட்டா வராத அளவுக்கு வளர்ந்துட்டாங்க. இதுக்குத்தானே வளர்த்தேன்."

நீர் சொட்டும் பாறை இடுக்கில், கண்ணாடிமணி போலப் புது முட்டைக் குலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நண்டு கொடுக்கன் அதற்குக் கீழே காவல் உட்கார்ந்திருந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ஓர் உயிரைக் கையில் ஏந்திக் காப்பது பாதிக் காவல்தான். அந்தக் கை இல்லாமலும் அது பிழைக்கும்படி அதன் வீட்டைக் காத்து, அதை வாழவும் பழக்கிவிடுவதே மற்றப் பாதி.